வடசென்னையில் நீடித்த வளர்ச்சி ஆராய்ச்சியும் படிப்பும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எண்ணூர், மணலி, திருவொற்றியூர், கொடுங்கையூர், வியாசர்பாடி, தண்டையார்பேட்டை ஆகிய பகுதிகளிலிருந்து கல்லூரிக்கு வரும் மாணவர்களும், அவர்களுடைய பெற்றோரும், ஆய்வுக்காக நாங்கள் சென்று வரும் குப்பங்களின் மக்களும் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளுக்கு இங்கே விடையளிக்க முயன்றிருக்கிறேன். வடசென்னைக் கல்லூரி ஒன்றில் சுற்றுச்சூழல் பாடம் நடத்தும் ஆசிரியர் என்ற முறையில் எழுதுகிறேன். எந்தக் கல்லூரியின் சேர்க்கை அறிவிப்பாகவும் இதைக் கொள்ள வேண்டாம்.

நீடித்த வளர்ச்சி என்ற பெயரில் பல்கலைக்கழகங்களில் உண்மையில் எதைப் படிக்கிறார்கள்?

இன்றைய தலைமுறை தன் தேவைகளை நிறைவு செய்துகொள்ளும்போது, அடுத்து வரும் தலைமுறைகள் தங்கள் தேவைகளை நிறைவு செய்துகொள்ளும் ஆற்றலைப் பறித்துவிடக் கூடாது என்று ஐ.நா. அமைத்த பிரண்ட்லேண்ட் ஆணையம் 1987-ல் சொன்னது. 2015-ல் ஐ.நா.வின் 193 உறுப்பு நாடுகளும் 17 இலக்குகளை ஏற்றுக்கொண்டன. முதல் வகுப்பில் எல்லா இடங்களிலும் இவற்றைத்தான் சொல்லித் தொடங்குவார்கள். அதற்குப் பிறகு பாடம் மூன்று கேள்விகளைச் சுற்றியே நடக்கிறது: எது, எந்த அளவுக்குக் கெட்டிருக்கிறது; யாருடைய முடிவால், எந்தச் சட்டத்தின் இடைவெளியில் அது கெட்டது; இனி எதைச் செய்தால் சீர்படும், அந்தச் செலவை யார் ஏற்பது.

எண்ணூர்ச் சாம்பலை எடுத்துக்கொள்வோம். இந்திய நிலக்கரியில் 30 முதல் 45 விழுக்காடு வரை சாம்பல் இருக்கிறது. அனல்மின் நிலையங்கள் அதைத் தண்ணீரில் கரைத்துக் குழாய் வழியாகச் சாம்பல் குளத்துக்கு அனுப்புகின்றன. குழாய் எங்கே கசிகிறதோ அங்கே சாம்பல் கழிமுகத்தில் இறங்கிப் படிகிறது. வேதியியல் மாணவர் அதில் ஆர்செனிக்கும் குரோமியமும் பாதரசமும் எவ்வளவு என்று கேட்பார். நீரியல் படிப்பவர், கழிமுகம் எத்தனை அடி தூர்ந்திருக்கிறது, கொசஸ்தலை ஆற்றின் மழைவெள்ளம் இனி எந்தப் பக்கம் ஏறும் என்று கேட்பார். பொருளியல் மாணவர், இறால் கிடைக்காமல் போன குடும்பம் இழந்த வருமானம் மின்கட்டணத்தின் எந்த வரியில் எழுதப்பட்டிருக்கிறது என்று கேட்பார். சட்டம் படிப்பவர், அந்த நிலையத்துக்குக் கொடுக்கப்பட்ட அனுமதியில் என்ன நிபந்தனை இருந்தது என்று தேடுவார். இந்த நால்வரையும் ஒரே படகில் ஏற்றி ஒரே இடத்துக்கு அழைத்துச் செல்வதுதான் இந்தப் படிப்பு.

அப்படியானால் சுற்றுச்சூழல் அறிவியலும் இதுவும் ஒன்றா?

சுற்றுச்சூழல் அறிவியல் இதன் அடித்தளம். அதனோடு சட்டம், பொருளியல், சமூகவியல், நகர் திட்டமிடல், பொது சுகாதாரம் ஆகியவை சேரும்போது நீடித்த வளர்ச்சிப் படிப்பு ஆகிறது. பட்டத்தின் பெயர் கல்லூரிக்குக் கல்லூரி மாறும். பாடத்திட்டத்தைப் பார்த்து முடிவு செய்யுங்கள்.

இளங்கலையில் எந்தப் பாடம் எடுத்தாலும் சுற்றுச்சூழல் கல்வியைக் கட்டாயமாகப் படிக்க வேண்டியிருக்கிறதே, ஏன்?

சுற்றுச்சூழல் வழக்கறிஞர் எம்.சி. மேத்தா தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 1991 நவம்பரில் சுற்றுச்சூழல் கல்வியை எல்லா நிலைகளிலும் புகட்ட வேண்டும் என்று ஆணையிட்டது. அந்த ஆணை ஏட்டளவில் கிடந்ததால், அதே வழக்கின் தொடர்ச்சியாகப் பல்கலைக்கழக மானியக் குழு ஆறுமாதப் பாடம் ஒன்றை வகுத்தது. 2003-ல் அது கட்டாயமாகவும் ஆக்கப்பட்டது. வணிகவியல் மாணவரும் வரலாற்று மாணவரும் அந்தத் தாளை எழுத வேண்டியிருப்பது இதனால்தான்.

அந்தப் பாடத்திட்டத்தில் 50 வகுப்பு மணிகளில் 5 மணி களப்பணிக்கு ஒதுக்கப்பட்டிருந்தது. என் பார்வையில் பாடத்திட்டத்தின் உயிர் அந்த ஐந்து மணியில்தான் இருந்தது. பல இடங்களில் முதலில் கைவிடப்பட்டதும் அதுதான். தேர்வுக்கு முந்தைய வாரம் உணவுச் சங்கிலியின் படத்தை வரைந்து பழகியதோடு பாடம் முடிந்துவிடும். 2023-ல் மானியக் குழு வெளியிட்ட புதிய வழிகாட்டுதலிலும் களப்பணியும் நேர்வு ஆய்வும் இடம்பெற்றுள்ளன. வடசென்னையில் இருக்கும் கல்லூரிக்கு அதற்காகப் பேருந்து வாடகைகூடத் தேவையில்லை. கல்லூரி வாசலில் இறங்கினாலே பக்கிங்காம் கால்வாயோ, ஓட்டேரி நல்லா ஓடையோ, கொடுங்கையூர்க் குப்பைமேடோ நடந்துபோகும் தொலைவில் இருக்கிறது.

நல்ல ஆராய்ச்சி நிறுவனங்கள் எல்லாம் கிண்டி, தரமணிப் பக்கம்தானே இருக்கின்றன? வடசென்னையில் படிப்பதால் என்ன பயன்?

கேள்வியில் உள்ள உண்மையை மறைக்க விரும்பவில்லை. அண்ணா பல்கலைக்கழகத்தின் சுற்றுச்சூழல் ஆய்வு மையம், அதே வளாகத்தில் இயங்கும் தேசிய நீடித்த கடலோர மேலாண்மை மையம், சென்னை ஐ.ஐ.டி., தரமணியில் உள்ள எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம், பள்ளிக்கரணையில் உள்ள தேசியக் கடலோர ஆராய்ச்சி மையம் ஆகிய யாவும் கூவத்துக்குத் தெற்கே இருக்கின்றன. சேப்பாக்கத்தில் உள்ள சென்னைப் பல்கலைக்கழகமும் அப்படியே. நகரின் அனல்மின் நிலையங்களும், எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையும், உர ஆலையும், நிலக்கரி இறங்கும் துறைமுகமும் வடக்கே இருக்கின்றன. கருவி ஒரு பக்கமும் காயம் மறுபக்கமுமாக நகரம் பிரிந்து கிடக்கிறது.

ஆனால் இந்தத் துறையில் கருவிக்குச் சமமான மதிப்பு, ஓரிடத்தில் ஆண்டுக்கணக்கில் இருந்து பார்ப்பதற்கும் உண்டு. மார்கழிப் பனியில் மணலியின் புகை எந்த உயரத்தில் தேங்கி நிற்கும், கடற்காற்று எழுந்ததும் அது எந்தத் தெருவுக்குள் நுழையும், எந்த மழைக்குப் பிறகு கிணற்று நீரின் உப்பு குறையும் என்பவற்றை வாரம் ஒருமுறை காரில் வந்து போகிறவர் பார்க்க முடியாது. இங்கேயே குடியிருந்து படிக்கும் மாணவிக்கு அவை அன்றாடம் தெரிபவை. மேலே சொன்ன நிறுவனங்களின் கருவிகளைக் கட்டணம் செலுத்தியோ கூட்டு ஆய்வின் வழியாகவோ பயன்படுத்திக்கொள்ளலாம். விம்கோ நகரிலிருந்து கிண்டிக்கு 2021 முதல் மெட்ரோ ஓடுகிறது. மீன்வளம் சார்ந்து படிக்க விரும்புவோருக்குப் பொன்னேரியிலேயே மீன்வளக் கல்லூரி இருக்கிறது. மாசும் நோயும் பற்றி ஆய்வு செய்பவர்களுக்கு ஸ்டான்லி மருத்துவக் கல்லூரி அருகில் இருப்பது பெரிய பலம்.

ஆய்வுக்குரிய பொருள்கள் இங்கே எவ்வளவு செறிந்து கிடக்கின்றன என்பதற்கு ஒரு பட்டியலே போடலாம். 1970 முதல் 2017 வரை இயங்கிய எண்ணூர் அனல்மின் நிலையம் மூடப்பட்ட பின் அதன் நிலத்தையும் சாம்பலையும் என்ன செய்வது என்பது ஒரு முனைவர் பட்டத்துக்குரிய கேள்வி. மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 2009-ல் வெளியிட்ட மதிப்பீட்டில் மணலி, கடுமையாக மாசடைந்த தொழிற்பகுதிகளுள் ஒன்றாக வந்தது. அதற்குப் பிறகு எது மாறியது, எது மாறவில்லை என்பது இன்னொரு கேள்வி. 2017 ஜனவரியில் எண்ணூர்த் துறைமுகத்துக்கு வெளியே இரு கப்பல்கள் மோதிக் கொட்டிய எண்ணெயை இளைஞர்கள் வாளியால் அள்ளினார்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் கழிமுகத்துக்குள் வந்தது. அதே மாதம் 26-ஆம் தேதி இரவு கடலடிக் குழாயிலிருந்து அமோனியா கசிந்து பெரியகுப்பம் மக்கள் வீட்டைவிட்டு ஓடினார்கள். ஒரே மாதத்தில் இரண்டு. பேரிடர் மேலாண்மை என்ற தாளுக்கு வெளிநாட்டு எடுத்துக்காட்டுகளைத் தேடிக்கொண்டிருக்க வேண்டிய நிலையில் நாம் இல்லை.

கள ஆய்வு எப்படி நடக்கும்? பிள்ளைகளைச் சேற்றில் இறக்குவீர்களா?

இறக்குவோம்; ஆனால் உடன் வரும் மீனவர் காலை வைத்துப் பார்த்துச் சொன்ன இடத்தில் மட்டும். சாம்பல் படிந்த தரை பார்ப்பதற்குக் கெட்டியாகத் தெரியும், மிதித்தால் முழங்கால்வரை இழுக்கும்.

நீர் வற்றும் நேரம் பார்த்துப் போவோம். ஒன்றரை அங்குல பி.வி.சி. குழாயைச் சேற்றில் நேராக அழுத்தி, மேல்வாயை மூடியால் அடைத்து, மெதுவாக உருவினால் தரையின் வரலாறு அப்படியே குழாய்க்குள் வரும். அதை நீளவாக்கில் பிளந்து தட்டில் வைத்தால் மேலே வெளிர்சாம்பல் நிறத்தில் மாவுபோன்ற படிவமும், கீழே கரிய சேறும், அதற்குள் மஞ்ச ஆழி என்ற சிப்பியின் பழைய ஓடுகளும் தெரியும். எங்கே நிறம் மாறுகிறது என்பதை அளவுகோலில் குறித்துக்கொள்ள வேண்டும். உலோகம் பார்க்கப்போகிற மாதிரியை பிளாஸ்டிக் கரண்டியால் எடுத்து பிளாஸ்டிக் டப்பாவில் போட வேண்டும். இரும்புக் கரண்டி பட்டால் அதன் உலோகமும் கணக்கில் சேர்ந்துவிடும். எண்ணெய் பார்க்கப்போகிற மாதிரிக்கு இதற்கு நேர்மாறாகக் கண்ணாடிப் புட்டி வேண்டும், ஏனெனில் எண்ணெய் பிளாஸ்டிக்கில் ஒட்டிக்கொள்ளும். சீட்டில் பென்சிலால் எழுத வேண்டும். பேனா மை உப்புநீரில் கரைந்து போகும். இடம், நேரம், ஓதம் (கடல்நீரின் ஏற்ற இறக்கம்), எடுத்தவர் பெயர் ஆகிய நான்கும் இல்லாத மாதிரி ஆய்வகத்துக்குள் வரவே கூடாது. நீதிமன்றத்தில் ஓர் அறிக்கை நிற்பதும் விழுவதும் பெரும்பாலும் இந்தச் சீட்டைப் பொறுத்தே.

பெண் பிள்ளைகளை அனுப்பலாமா என்று பெற்றோர் கேட்பதுண்டு. கழிமுகத்தில் இடுப்பளவு நீரில் பல மணிநேரம் நின்று இறால் தடவிப் பிடிக்கிறவர்களில் பாதிக்குமேல் நான் பார்த்தவரை பெண்கள்தான். உடை மாற்ற இடம், குடிநீர், கழிப்பறை ஆகியவற்றை முன்கூட்டியே ஏற்பாடு செய்வது கல்லூரியின் பொறுப்பு. அதைச் செய்யாமல் அழைத்துப் போகிற ஆசிரியரிடம் கேள்வி கேட்க உங்களுக்கு உரிமை உண்டு.

காற்றின் தரத்தை அளக்க மலிவான கருவிகள் கிடைக்கின்றனவே, வீட்டு மாடியில் நாங்களே வைத்து அளக்கலாமா?

தாராளமாக அளக்கலாம். கருவி எதைக் காட்டுகிறது என்று தெரிந்து அளக்க வேண்டும். பி.எம். 2.5 என்ற நுண்துகளை இந்தக் கருவிகள் ஒளிச்சிதறலை வைத்து எண்ணுகின்றன. கடலோரத்தில் விடியற்காலையில் ஈரப்பதம் ஏறும்போது துகள்கள் நீரை உறிஞ்சி உப்பிவிடும். கருவியும் உள்ளதைவிட அதிகமாகக் காட்டும். அதனால் முதலில் சில வாரங்கள் அரசு அளவீட்டு நிலையத்துக்கு அருகில் வைத்து, இரண்டும் காட்டும் எண்களை ஒப்பிட்டுத் திருத்தக் கணக்கு போட வேண்டும். மணலி, கொடுங்கையூர், ராயபுரம் ஆகிய இடங்களில் தொடர் அளவீட்டு நிலையங்கள் இருக்கின்றன. அவற்றின் எண்களை மத்திய வாரியத்தின் இணையதளத்தில் எவரும் பார்க்கலாம்.

இந்தியாவின் 2009-ஆம் ஆண்டுத் தரநிலைப்படி 24 மணிநேரச் சராசரியில் பி.எம். 2.5 ஒரு கனமீட்டருக்கு 60 மைக்ரோகிராமுக்குள் இருக்க வேண்டும். உலக சுகாதார நிறுவனம் 2021-ல் வகுத்த அளவு 15. ஆகவே ஒரு நாள் 45 என்று பதிவானால், சட்டப்படி அது சரியான காற்று; மருத்துவப்படி உலக நிறுவனம் சொன்ன அளவைப்போல மூன்று மடங்கு. இவ்விரண்டு எண்களையும் ஒன்றாகச் சொல்லாத எந்த அறிக்கையும் முழுமையானது அல்ல என்று மாணவர்களிடம் சொல்லி வருகிறேன். இன்னொன்றையும் கவனியுங்கள்: திடீரென்று வந்து அரை மணியில் போய்விடும் வாயு நாற்றத்தை 24 மணிநேரச் சராசரி விழுங்கிவிடும். இருமலோடு எழுந்த அந்த நேரத்தைக் கடிகாரம் பார்த்துக் குறித்து வைத்தால், கருவியின் பதிவோடு பொருத்திப் பார்க்கலாம்.

படிக்காத மீனவர்கள் சொல்வதை ஆராய்ச்சி என்று ஏற்பார்களா?

ஏற்கவேண்டிய முறையில் கேட்டுப் பதிவு செய்தால் ஏற்பார்கள். கழிமுகத்தின் தரையை இப்போது போர்வைபோல மூடியிருக்கும் கறுப்புச் சிப்பியை மீனவர்கள் காக்கா ஆழி என்கிறார்கள். அது தென், மத்திய அமெரிக்கக் கரைகளைச் சேர்ந்த அயல் இனம். அது பரவிய பிறகு மஞ்ச ஆழி அருகிப்போனது, இறால் புதைய இடமில்லாமல் போனது, கையால் தடவிப் பிடிப்பவர்களின் விரல்கள் கிழிகின்றன என்பதையெல்லாம் முதலில் சொன்னவர்கள் அந்த நீரில் இறங்குகிறவர்கள். அறிவியல் பெயர் அதன்பின்னரே வந்தது. பனையோலைப் பறியைப் பல்லில் கவ்விக்கொண்டு இரு கைகளாலும் தரையைத் துழாவும் இருளர் பெண்ணுக்குத் தெரியாமல் அந்தத் தரையில் எந்த மாற்றமும் நிகழ முடியாது.

இதைவிட முக்கியமானது மேலாண்மை அறிவு. பழவேற்காட்டிலும் எண்ணூர்ப் பக்கத்திலும் பாடு என்ற முறை நெடுங்காலமாக இருந்து வருகிறது. எந்த நாளில் யார் எந்த இடத்தில் வலை போடுவது என்பதைச் சீட்டுக் குலுக்கியும் முறை வைத்தும் தீர்மானித்து, நல்ல இடம் ஒருவர் கையிலேயே தங்கிவிடாமல் சுற்றிவரச் செய்வார்கள். பொதுச்சொத்தை மக்கள் தாங்களே விதி வகுத்துக் காக்க முடியும் என்று காட்டியதற்காக எலினார் ஆஸ்ட்ரம் 2009-ல் பொருளியல் நோபல் பரிசு பெற்றார். அவருடைய கோட்பாட்டை வகுப்பில் நடத்தும்போது, அதன் உயிருள்ள சான்று ரயிலில் ஒரு மணிநேரத் தொலைவில் இருப்பதை மாணவர்கள் நேரில் பார்க்க வேண்டும். இவ்வளவு அறிவைத் தருகிறவர்களின் பெயர் ஆய்வுக்கட்டுரையில் நன்றியுரையோடு நின்றுவிடுவது எனக்கு உறுத்தலாகவே இருக்கிறது. அவர்களுடைய ஒப்புதலோடு இணை ஆசிரியர்களாகச் சேர்ப்பதற்கு நான் அறிந்தவரை எந்தப் பல்கலைக்கழக விதியும் தடையாக இல்லை.

ஆலைகளிடம் பணம் வாங்கிச் செய்யும் ஆராய்ச்சியை நம்பலாமா?

நிதி தந்தவர் பெயரைச் சொல்லியிருக்கிறார்களா, அளவீடு முழுவதையும் வெளியிட்டிருக்கிறார்களா, வெளியிடும் முன் நிதி தந்தவரின் அனுமதி தேவை என்று ஒப்பந்தத்தில் இருந்ததா என்ற மூன்றையும் கேளுங்கள். 2006-ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கைப்படி, ஒரு திட்டத்தின் பாதிப்பை மதிப்பிடும் அறிக்கைக்குச் செலவு செய்பவர் அந்தத் திட்டத்தைக் கொண்டுவருபவரே. அந்த ஏற்பாடு இருக்கும்வரை, பணம் வாங்காமல் அதே இடத்தை அளந்து வைத்திருக்கும் ஓர் உள்ளூர்க் கல்லூரியின் பதிவேட்டுக்குப் பெரிய மதிப்பு உண்டு. சிறு ஆய்வுகளுக்குத் தமிழ்நாடு மாநில அறிவியல் தொழில்நுட்ப மன்றம் மாணவர் திட்டங்களுக்கு நிதி தருகிறது, விண்ணப்பியுங்கள்.

ஆராய்ச்சியால் வடசென்னையில் நடைமுறைக்கு வந்தது ஏதாவது உண்டா?

தண்ணீரைச் சொல்வேன். மீஞ்சூர்ப் பகுதியில் நகரத்துக்கும் தொழிற்சாலைகளுக்குமாக நிலத்தடி நீரை அளவின்றி இறைத்ததால் 1960-களின் இறுதியிலிருந்தே கடல்நீர் நிலத்தடியில் உட்புகத் தொடங்கியது. பின்னர் பல கிலோமீட்டர் உள்ளே வந்துவிட்டது. ஆரணியாறு, கொசஸ்தலை ஆற்றுப் படுகைகளில் ஆண்டுக்கணக்கில் கிணறு கிணறாக உப்பை அளந்ததால்தான் அந்த எல்லைக்கோடு தெரிந்தது. எங்கே இறைப்பதை நிறுத்துவது, எங்கே தடுப்பணை கட்டி மழைநீரை உள்ளே விடுவது என்ற பேச்சும் அந்த அளவீட்டிலிருந்தே வந்தது.

மற்றொன்று கழிவுநீர். கொடுங்கையூரில் 2019-ல் திறக்கப்பட்ட மூன்றாம் நிலைச் சுத்திகரிப்பு நிலையம் நாளொன்றுக்கு 4.5 கோடி லிட்டர் கழிவுநீரை எதிர்ச் சவ்வூடு பரவல் முறையில் தூய்மையாக்கி மணலி, எண்ணூர் ஆலைகளுக்குத் தருகிறது. ஏரிகள் வறண்டு நகரமே குடத்தோடு நின்ற அதே ஆண்டு அது. ஆலைகள் குடிக்கும் நன்னீரை வீடுகளுக்கு மிச்சப்படுத்தும் ஏற்பாடு என்ற அளவில், நீடித்த வளர்ச்சிப் பாடத்துக்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு சென்னையில் வேறு இல்லை என்று நினைக்கிறேன்.

ஆண்டுதோறும் வருகிறார்கள், மண்ணெடுக்கிறார்கள், படமெடுக்கிறார்கள், போய்விடுகிறார்கள். எங்களுக்கு என்ன பயன்?

எண்ணூர்க்குப்பம், காட்டுக்குப்பம், சாம்பல் குளத்தை ஒட்டிய செப்பாக்கம் என எந்த ஊருக்குப் போனாலும் முதலில் எழும் கேள்வி இதுதான். நான் விடைசொல்ல மிகவும் கடமைப்பட்டிருப்பதும் இதற்குத்தான். இரத்தமும் மண்ணும் தண்ணீரும் கொடுத்த மக்களுக்கு முடிவைச் சொல்லாமல், முடிவை எட்டாத மொழியில் எட்டாத இதழில் அச்சிட்டுவிட்டு அடுத்த ஊருக்குப் போவது அநீதி. அதைச் செய்பவர் எவ்வளவு நல்ல விஞ்ஞானியாக இருந்தாலும் அநீதிதான்.

மாதிரி எடுத்த ஒவ்வொரு ஊருக்கும் முடிவைத் தமிழில், இரண்டு பக்கத்துக்குள், ஊர்ப் பஞ்சாயத்தார் கையில் கொடுக்க வேண்டும். அனுமதிக்கப்பட்ட அளவு, இங்கே கண்ட அளவு, அதனால் எதைத் தவிர்க்க வேண்டும், எந்த அலுவலகத்தில் எந்தச் சட்டப்பிரிவைச் சொல்லி மனு கொடுக்கலாம் என்பவை அதில் இருக்க வேண்டும். முடிவு மோசமாக இருந்தால் மீன் விலை விழுந்துவிடும் என்ற அச்சம் நியாயமானது. எனவே பத்திரிகைக்குப் போகும் முன் ஊர்க்கூட்டத்தில் சொல்லி, எதை எப்படி வெளியிடுவது என்பதை அவர்களோடு பேசித் தீர்க்க வேண்டும். இவற்றைச் செய்யாத மாணவரின் ஆய்வேட்டுக்குக் கையொப்பமிடக் கூடாது என்பது என் கருத்து.

அளவீடு ஊரின் கையில் இருந்தால் அது சட்டத்தில் பேசும். வேலூர் மாவட்டத் தோல் பதனிடும் ஆலைகள் பாலாற்றைக் கெடுத்தது பற்றி அந்த மாவட்டத்து மக்கள் அமைப்பு ஒன்று தொடுத்த வழக்கில்தான் உச்ச நீதிமன்றம் 1996-ல், மாசுபடுத்தியவரே இழப்பீடு தர வேண்டும் என்பதையும், ஐயம் இருக்கும்போதே முன்னெச்சரிக்கை எடுக்க வேண்டும் என்பதையும் இந்திய நாட்டின் சட்டமாக ஏற்றது. எண்ணூர்க் கழிமுகத்தில் படிந்த சாம்பலை அகற்றிச் சீரமைக்க வேண்டும் என்று தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு 2022-ல் சொன்னதற்குப் பின்னாலும் மீனவர்கள் பல்லாண்டு சேர்த்துவைத்த சான்றுகள் இருந்தன. கேட்டும் தராத தகவலைத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் 10 ரூபாய்க் கட்டணத்தில் எவரும் கேட்கலாம். 30 நாளில் பதில் வர வேண்டும். அந்த மனுவை எழுதப் பழகுவதையும் வகுப்புப் பயிற்சியாக வைத்திருக்கிறேன்.

தமிழில் தேர்வு எழுதலாமா? ஆங்கிலம் வராதே என்று பயமாக இருக்கிறது.

அரசுக் கலைக் கல்லூரிகளில் தமிழ்வழிப் பிரிவுகளில் எழுதலாம். முதுகலையில் நூல்களும் இதழ்களும் பெரும்பாலும் ஆங்கிலத்தில்தான் உள்ளன. படித்துப் புரிந்துகொள்ளும் அளவுக்கு ஆங்கிலத்தைக் கட்டாயம் வளர்த்துக்கொள்ளுங்கள், மூன்றாண்டில் அது முடியும். ஆனால் ஓதம், முகத்துவாரம், கொண்டல், வாடை, தெண்டி, வன்னி என்று காற்றையும் நீரோட்டத்தையும் பெயர்சொல்லிப் பேசும் ஊரில் ஆய்வு செய்யத் தமிழ் தெரிந்தவருக்குத்தான் முன்னுரிமை.

வணிகவியல், வரலாறு படித்தவர்கள் முதுகலையில் சேர முடியுமா?

சில பாடப்பிரிவுகளில் முடியும். அறிவியல் பட்டம் கேட்கும் பிரிவுகளில் முடியாது. வணிகவியல் மாணவர்களுக்கு இப்போது புதிய கதவு ஒன்று திறந்திருக்கிறது, அடுத்த விடையில் சொல்கிறேன்.

வேலை கிடைக்குமா?

கிடைக்கும், ஆனால் பட்டத்தைப் பார்த்து யாரும் வீடு தேடி வரமாட்டார்கள். பங்குச்சந்தையில் முதல் 1000 இடங்களில் உள்ள நிறுவனங்கள் 2022-23 நிதியாண்டு முதல் தங்கள் சுற்றுச்சூழல், சமூகப் பொறுப்பு பற்றிய அறிக்கையைக் கட்டாயமாகத் தர வேண்டும் என்று பங்குச்சந்தை ஒழுங்குமுறை அமைப்பான செபி விதித்துள்ளது. கணக்குப் பார்க்கத் தெரிந்து, ஆலையின் தண்ணீர், மின்சார, கழிவுக் கணக்கையும் புரிந்துகொள்ளும் ஆட்களுக்கு இதனால் தேவை கூடியிருக்கிறது. ஆற்றல் தணிக்கையாளர் தேர்வு, ஆய்வகப் பகுப்பாய்வு, கழிவுநீர் நிலைய இயக்கம், நகராட்சித் திடக்கழிவு மேலாண்மை, தொண்டு நிறுவனங்கள் ஆகியவை பிற வழிகள். கற்பித்தலுக்குச் செல்வோர் சுற்றுச்சூழல் அறிவியலில், கல்லூரி ஆசிரியர் தகுதிக்கான நெட் தேர்வு எழுதலாம். பொறியியல் முதுகலைச் சேர்க்கைக்கான கேட் தேர்விலும் 2021 முதல் இதற்குத் தனித்தாள் இருக்கிறது. புள்ளியியல், புவித்தகவல் வரைபட மென்பொருள் ஆகிய இரண்டையும் கற்றவர் எங்கும் முன்னால் நிற்பார்.

ஆலையில் வேலைக்குச் சேர்ந்தால் ஊருக்குத் துரோகமா என்று ஒரு மாணவி கேட்டாள். துரோகம் இல்லை. வால்வு எப்போது பழுதாகிறது என்பதை உள்ளிருந்து எழுதிவைத்து, மேலிடத்தில் சொல்லத் துணிந்த ஒருவர் இருப்பது ஊருக்கு நல்லது.

எங்கள் கல்லூரியில் மரம் நட்டு, சோலார் பலகை வைத்து, பசுமைத் தணிக்கையும் முடித்துவிட்டார்கள். அது போதாதா?

கல்லூரிகளின் தரத்தை மதிப்பிடும் நாக் அமைப்பின் மதிப்பீட்டில் அவற்றுக்குப் புள்ளி உண்டு. செய்வது நல்லதே. நட்ட மரத்தில் எத்தனை மூன்றாம் கோடையைத் தாண்டின என்று எண்ணினீர்களா, விடுதியின் உணவுக்கழிவு எங்கே போகிறது என்று வண்டியின் பின்னால் போய்ப் பார்த்தீர்களா என்று கேட்பேன். வடசென்னைக் கல்லூரியின் குப்பை பெரும்பாலும் முந்நூறு ஏக்கருக்குமேல் பரந்த கொடுங்கையூர் வளாகத்துக்குத்தான் போகும். அந்த மேட்டின் அடிவாரத்தில் நம் மாணவர்களின் வீடுகள் இருக்கின்றன. வளாகத்துக்குள் மக்கும் குப்பையை உரமாக்கிவிட்டால் அந்த எடை அங்கே போகாது. எடைபோடத் தராசு ஒன்றும், பொறுப்பேற்க நான்கு மாணவர்களும் போதும்.

பள்ளியில் படிக்கும் பிள்ளைகள் இப்போதே எதையாவது தொடங்கலாமா?

ஒரு நோட்டில் தேதி போட்டுத் தமிழில் எழுதச் சொல்லுங்கள். இன்று காற்று எந்தப் பக்கமிருந்து வந்தது, எத்தனை மணிக்கு என்ன நாற்றம் அடித்தது, மொட்டைமாடியில் துடைத்த துணியில் படிந்தது கறுப்பா சாம்பலா, அடிபம்புத் தண்ணீர் உவர்க்கிறதா, மழை பெய்தால் தெருவில் எந்த வீட்டுப் படிவரை தண்ணீர் ஏறியது என்பவை போதும். நேராக வெட்டிய டப்பாவும் அளவுகோலும் இருந்தால் மழையையும் அளக்கலாம். வடகிழக்குப் பருவமழை தொடங்கும் அக்டோபரில் ஆரம்பிப்பது நல்லது. ஓராண்டு விடாமல் எழுதிய நோட்டைக் கொண்டுவந்து எந்த வடசென்னைக் கல்லூரியின் சுற்றுச்சூழல் ஆசிரியரிடம் காட்டினாலும், அதை மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் எண்களோடு பொருத்திப் பார்ப்பது எப்படி என்று உட்கார்ந்து சொல்லிக்கொடுப்பார். என்னிடம் வந்தால் நானும் செய்வேன்.